‘இன்னொரு தபா போடு’: கானா பாட்டைப் பட்டியலில் ஏற்றும் வேலைமுறை

புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை என்று வட சென்னையில் ஏரியாவுக்கு ஏரியா கானா பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். குரலுக்கும் வரிக்கும் இங்கே பஞ்சமே இல்லை. ஆனாலும் பெரும்பாலான பாட்டுகள் சொந்தக்காரர்களும் ஏரியா பசங்களும் பார்த்து முடித்ததும் அப்படியே நின்றுவிடுகின்றன. முதல் நாள் வியூவுக்காக எல்லா உழைப்பையும் கொட்டிவிட்டு, கேட்டவர் திரும்பக் கேட்பாரா என்பதை யோசிக்காமல் விடுவதுதான் முக்கியக் காரணம். டீக்கடையில் பாட்டு முடிந்ததும் யாராவது ‘இன்னொரு தபா போடு’ என்றால் அது ஹிட். பட்டியல்கள் எண்ணுவதும் கடைசியில் இதைத்தான்.

பட்டியல் எதை எண்ணுகிறது

1952இல் ரேடியோ சிலோனில் தொடங்கிய பினாகா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சியின் காலத்தில் ரெக்கார்டு விற்பனையும் நேயர்களின் விருப்பமும் கணக்கு. அமெரிக்காவில் 1958 ஆகஸ்ட் 4 தேதியிட்டு வந்த பில்போர்டு இதழின் முதல் ஹாட் 100 பட்டியல், விற்பனையோடு ரேடியோவில் எத்தனை முறை ஒலித்தது என்பதையும் சேர்த்தது. இன்றைக்கு எண்ணப்படுவது ஸ்ட்ரீம், அதாவது இணையத் தளத்தில் ஒருவர் பாட்டை ஓட்டிக் கேட்பது. ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 நொடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 29வது நொடியில் தள்ளிவிட்டால் அது கணக்கில் வராது. 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத பாட்டுக்கு 2024 முதல் அங்கே ரெக்கார்டிங் ராயல்டியும் கிடையாது.

யூடியூப் விளம்பரத்துக்குப் பணம் கட்டி வாங்கிய வியூவை 2019 செப்டம்பரிலிருந்து மியூசிக் சார்ட்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. வீடியோவின் கீழே எண் ஏறும், பட்டியலில் இடம் ஏறாது. எல்லோரும் குறிவைத்த டிரெண்டிங் பக்கத்தையே யூடியூப் 2025இல் எடுத்துவிட்டது. ஷார்ட்ஸ் வியூவைப் பார்த்தும் ஏமாற வேண்டாம்: 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓட ஆரம்பித்தாலே அது ஒரு வியூ. லட்சம் வந்தாலும் லட்சம் பேர் கேட்டார்கள் என்று பொருளில்லை.

வாராந்திரப் பட்டியல்கள் பெரும்பாலும் வெள்ளி முதல் வியாழன் வரை ஓடுகின்றன. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வெளியிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்தால் முதல் வாரத்துக்குக் கையில் இருப்பது ஐந்து நாள், அதிலும் முதல் நாள் அரைகுறை. வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் நள்ளிரவில் வெளியிட்டால் ஏழு நாளும் உங்களுடையது.

இந்திய அளவிலான டாப் 50இல் சினிமாப் பாட்டோடு மோதுவதை முதல் இலக்காக வைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் 2021 முதல் நகரவாரிப் பட்டியல்கள் உண்டு. ஸ்பாட்டிஃபையின் வைரல் பட்டியல் மொத்த எண்ணிக்கையைவிட எவ்வளவு வேகமாகப் பகிரப்படுகிறது என்பதைப் பார்க்கிறது. பத்து ஊரில் சிதறிக் கேட்கப்படும் பாட்டைவிட ஒரே நகரத்தில் குவிந்து கேட்கப்படும் பாட்டு முதலில் மேலே தெரியும். கானாவுக்கு அந்த வசதி பிறவியிலேயே இருக்கிறது.

முதல் முப்பது நொடி

நிமிடத்துக்கு 120 அடி, நாலு அடிக்கு ஒரு பார் என்று வைத்துக்கொண்டால் ஒரு பார் 2 நொடி. 8 பார் முன்னிசை போட்டாலே 16 நொடி போய்விட்டது. அதற்கு முன்னால் சேனல் லோகோ 7 நொடி, பைக்கில் இறங்கி நடந்து வரும் ஷாட் 10 நொடி என்றால் குரல் வருவதற்குள் கேட்கிறவர் போயே போய்விடுவார். முன்னிசை 4 பாருக்கு மேல் வேண்டாம். லோகோவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பல்லவியின் கொக்கி வரி, அதாவது மனசில் மாட்டிக்கொள்ளும் வரி, 20வது நொடிக்குள் ஒரு முறையாவது காதில் விழ வேண்டும். திஸ்ர நடைக் குத்துக்கும் இதே கணக்குதான். ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று துண்டு இருக்கும், அவ்வளவே.

மொத்த நீளம் 2 நிமிடம் 45 நொடியிலிருந்து 3 நிமிடம் 15 நொடி வரை போதும். பல்லவி, சரணம், பல்லவி, சின்ன இடையிசை, இரண்டாம் சரணம், பல்லவி இரண்டு முறை. மூன்றாவது சரணம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அதை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரண கானாவுக்கு மட்டும் இந்த அளவுகோலைக் கொண்டுபோகாதீர்கள். இறந்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், வாழ்ந்த தெரு எல்லாம் சொல்லி விடிய விடியப் பாடும் அந்தப் பாட்டைப் பட்டியலுக்காக வெட்டுவது முறையல்ல. வெளியிடுவதென்றாலும் அந்த வீட்டாரைக் கேட்டுவிட்டுத்தான்.

கொக்கி வரி

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ‘உன்னை நினைத்து உருகிப் போனேன் பெண்ணே’ என்று ஒரு பல்லவி வந்தால் அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது எந்த ஊர்ப் பாட்டாகவும் இருக்கலாம், அதனால் யாருடைய பாட்டாகவும் ஆகாது. இதைப் பாருங்கள்:

*கேட்டு போட்டான் கொருக்குப்பேட்ட*
*கேட்டுக்கினு வந்தா எங்க வூட்ட*

முதல் ‘கேட்டு’ ரயில்வே கேட்டு, இரண்டாவது விசாரிப்பது. ஒரே ஒலி இரண்டு பொருளில் வருவதால் முதல் முறை கேட்டவர், சரியாகத்தான் கேட்டோமா என்று மறுபடி கேட்பார். ‘ட்’ என்ற எதுகை கேட்டு, போட்டான், பேட்ட, கேட்டுக்கினு, வூட்ட என்று ஐந்து இடத்தில் விழுகிறது. க, ட, ப போன்ற வல்லின எழுத்துகள் அடியின் மேல் உட்கார்ந்தால் போன் ஸ்பீக்கரிலும் வார்த்தை பிரிந்து கேட்கும். வரி ‘அ’ என்ற திறந்த உயிரில் முடிவதால் கூட்டம் அதை இழுத்துப் பாட முடியும். ‘ம்’ என்று முடித்தால் வாய் மூடிக்கொள்ளும், கோரஸ் அமுங்கிவிடும். கூட்ஸ் வண்டிக்காகக் கேட்டில் காத்து நின்ற ஒவ்வொருவருக்கும் அது சொந்த வரி.

மெட்டில் கோரஸ் பகுதியை ஆறேழு ஸ்வரத்துக்குள் அடக்குங்கள். பாடகரின் உச்சத்தைக் காட்ட சரணம் இருக்கிறது. கொக்கியைச் சோதிக்க ஒரு நேர்மையான வழி: இசை எதுவும் இல்லாமல், தீப்பெட்டியிலோ கேரம் போர்டு ஓரத்திலோ தாளம் தட்டி, பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத நாலு பேரிடம் இரண்டு முறை பாடிக் காட்டுங்கள். பேச்சை மாற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து ‘எப்படிப் போச்சு அந்த வரி?’ என்று கேளுங்கள். மூன்று பேருக்குச் சொல்ல வந்தால் ஸ்டூடியோவுக்குப் போகலாம். நாலு பேரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். அவர்களே தெரியாமல் வேறு சொல் போட்டுப் பாடினால் பெரும்பாலும் அதுதான் சரியான சொல். எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி, ரூட்டு தல (பஸ் ரூட்டுக்குத் தலைவனாகத் திரியும் மாணவன்), எதிர் ஏரியாவை மிரட்டுவது, பள்ளிப் பெண்களைப் பற்றிய ஆபாசம் ஆகியவற்றுக்குச் சின்ன வட்டத்தில் சீக்கிரம் கைதட்டல் கிடைக்கலாம். போலீஸ் வழக்கு வரை போன சம்பவங்கள் சென்னையிலேயே உண்டு. யூடியூப் வயதுத் தடை போட்டால் பாட்டு பரவுவதும் நின்றுவிடும். அதையெல்லாம்விட, வீட்டில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வைக்க முடியாத பாட்டு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகாது. கானாவின் பெரிய சந்தையே அங்கேதான்.

பதிவும் மிக்ஸும்

வீட்டில் பதிவு செய்தால் கண்டன்சர் மைக்கைவிட மேடையில் பிடிக்கும் டைனமிக் மைக் நல்லது. எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரியையும், பேசின் பிரிட்ஜ் பக்கம் ஓயாமல் போகும் ரயிலையும் கண்டன்சர் அப்படியே உள்ளே இழுக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி, பாடகரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்ட கனத்த போர்வை, ஃபேன் ஆஃப். பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்ச அளவு -12இலிருந்து -6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்த டேக்கைப் பிறகு எந்தச் சாஃப்ட்வேரும் முழுசாகச் சரிசெய்யாது.

டோலக்கையும் தப்பு மேளத்தையும் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் ரெடிமேட் துண்டு) போடாமல் ஆளை வைத்து வாசியுங்கள். செலவு கூடும், ஆனால் கானாவின் ஆட்டம் அந்த விரலில்தான் இருக்கிறது. கோரஸை நாலு முறை தனித்தனியாகப் பாடி இரண்டை இடப்பக்கம், இரண்டை வலப்பக்கம் வையுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து ஒட்டினால் கூட்டம் பாடும் உணர்வு வராது.

பாஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கரில் அதிரும் 50 ஹெர்ட்ஸ் பாஸ், போனில் ஏறக்குறைய காணாமலே போகும், ஏனென்றால் சின்ன ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாகத் தராது. பாஸைக் கூட்டினால் பலனில்லை. அதன் மேல் லேசாகச் சாச்சுரேஷன் (ஒலியை மெல்லக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் மேல் ஸ்வரத்துணுக்குகள் உருவாகி, போனிலும் அந்த அடி இருப்பதாகக் காது நிரப்பிக்கொள்ளும். அடுத்து, இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கும் மோனோ பட்டனைத் தட்டிப் பாருங்கள். கீபோர்டோ கோரஸோ மெலிந்துபோனால் ஃபேஸ் இடிக்கிறது, அதாவது இரண்டு பக்க ஒலியும் ஒன்றையொன்று அழிக்கிறது என்று அர்த்தம். ஒற்றை ஸ்பீக்கர் புளூடூத் பாக்ஸிலும் அப்படியேதான் மெலியும்.

முடிந்த மிக்ஸை நாலு இடத்தில் கேளுங்கள்: சாதாரண போன், புளூடூத் பாக்ஸ், வூஃபர் மாட்டிய ஷேர் ஆட்டோ, மைக்செட்டின் குழாய் ஸ்பீக்கர். குழாய் ஸ்பீக்கரில் நடு அலைவரிசை மட்டும்தான் வரும், அதனால் குரலும் தப்பும் ஒன்றையொன்று மறைக்கிறதா என்பது அங்கே உடனே தெரிந்துவிடும். மறைத்தால் தப்பின் 2-3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை இரண்டு டெசிபெல் குறைத்துக் குரலுக்கு வழிவிடுங்கள்.

ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் என்ற சராசரி சத்த அளவுக்குக் கொண்டுவரும். -6க்கு நசுக்கிய மாஸ்டரை (வெளியீட்டுக்கான இறுதி ஃபைல்) அது 8 டெசிபெல் இறக்கும்போது, அடிக்கும் அடிக்கும் வித்தியாசமில்லாத ஒரு பட்டை சத்தம்தான் மிஞ்சும். குத்துக்கு -10 பக்கம் நிறுத்தினால் போதும். -14ஐவிடச் சத்தமான மாஸ்டருக்கு ட்ரூ பீக் என்ற உச்ச அளவை -2 டெசிபெலில் வைக்கச் சொல்கிறது அந்தத் தளம்.

உரிமை, பெயர், எண்

சினிமா மெட்டில் புது வரி போட்டுப் பாடுவது கானாவின் பழைய பழக்கம். தெருவில், மேடையில் அது ஓடும். ஸ்ட்ரீமிங்கில் ஏற்ற மெட்டுக்கு உரியவரின் அனுமதி வேண்டும்; இல்லையென்றால் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை பிடித்து வருமானத்தை அவர்கள் பக்கம் திருப்பிவிடும், அல்லது வீடியோவே போய்விடும். நெட்டில் எடுத்த ஓசி பீட்டிலும் இதே ஆபத்து. அதே பீட்டை வேறு நூறு பேர் எடுத்திருப்பார்கள், அதில் ஒருவர் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால் உங்கள் பாட்டுக்கு அவர் சொந்தக்காரர் போல் வந்து நிற்பார். சொந்த மெட்டு, சொந்த வாசிப்பு என்றால் இந்தத் தலைவலி கிடையாது.

பதிவுக்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வரி யாருடையது, மெட்டு யாருடையது, பாடியவர், வாசித்தவர், புரோகிராமிங் செய்தவர், யாருக்கு எத்தனை சதவீதம். பாட்டு ஓடிய பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் நட்பும் போகும், பாட்டும் முடங்கும். எழுதியவரும் இசையமைத்தவரும் ஐபிஆர்எஸ் என்ற ராயல்டி வசூல் சங்கத்தில் உறுப்பினராகி அந்தப் பாட்டைப் பதிய வேண்டும். மேடை, ரேடியோ, டிவி, ஸ்ட்ரீமிங் வழியாக வரும் படைப்பாளி பங்கு அதன் மூலம்தான் வரும்.

ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாளம் ஒரு ரெக்கார்டிங்குக்கு ஒன்றுதான். பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரை மாற்றினாலும் பழைய எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டால் அது புதுப் பாட்டாகக் கருதப்பட்டு அதுவரை சேர்த்த ஸ்ட்ரீம் எண்ணிக்கை கைவிட்டுப் போகலாம். பாடகர் பெயரின் ஆங்கில ஸ்பெல்லிங்கை ஒன்றாக முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ‘கானா’வையே மூன்று விதமாக எழுதுகிறார்கள், அதனால் ஒரே ஆளுக்கு மூன்று பக்கம் உருவாகி ஃபாலோயரும் மூன்றாகப் பிரிந்துவிடுகிறார்கள்.

வெளியீட்டு வரிசை

1. நாலு வாரம் முன்: மாஸ்டர் வேவ் ஃபைல், 3000க்கு 3000 பிக்ஸல் சதுர அட்டைப்படம், முழு வரிகள், எல்லோர் பெயரும் டிஸ்ட்ரிப்யூட்டரிடம் போய்ச் சேர வேண்டும். அட்டைப்படத்தில் போன் நம்பர், இன்ஸ்டா ஐடி போட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
2. குறைந்தது ஏழு நாள் முன்: ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் வழியாகப் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். ஏழு நாளுக்குக் குறைந்தால் பாட்டு உங்கள் ஃபாலோயர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பிளேலிஸ்டில் வருவதற்கும் உறுதி இல்லை. ‘சூப்பர் கானா பாட்டு’ என்று எழுதாமல், எந்தத் தாளம், யார் வாசித்தது, எந்தத் திருவிழாவைக் குறிவைத்தது என்று எழுதுங்கள்.
3. இன்ஸ்டாகிராமில் அதிகாரபூர்வ ஆடியோ வரும்வரை போனில் எடுத்த ரீல் போடாதீர்கள். ஆளுக்கொரு ஒரிஜினல் ஆடியோ உருவாகி, ஒரே இடத்தில் சேர வேண்டிய ரீல்கள் பத்துத் துண்டாகும்.
4. வெள்ளி: பாட்டு எல்லாத் தளத்திலும். முழு வீடியோ அன்றைக்கே.

ரீலுக்கான ஸ்டெப் எட்டு எண்ணிக்கைக்குள், இடுப்புக்கு மேலே தெரியும்படி இருக்கட்டும். கால் வேலை நிறைந்த ஸ்டெப்பை நல்ல டான்ஸர்கள் மட்டும்தான் ஆடுவார்கள். ஆட வராதவர் ஆடும்போதுதான் பாட்டு பரவும்.

தெரு

மைக்செட் வைப்பவர்களும் பேண்டு செட்டுக்காரர்களும் நம்ம ஊரின் ரேடியோ ஸ்டேஷன்கள். நேரில் போய்ப் பாருங்கள். ‘அண்ணே, ஒரு தபா போட்டுக் கேளுங்க, புடிச்சா வச்சுக்கோங்க’ என்று சொல்லி பென்டிரைவில் பாட்டைக் கொடுங்கள்; 320 கேபிபிஎஸ் எம்பி3யாவது வேண்டும். கூடவே குரலில்லாத டிராக்கும், பேண்டுக்காரர் டிரம்பெட்டில் பிடிக்க ஏதுவாக ஸ்வரம் எழுதிய ஒரு தாளும் கொடுங்கள். பல்லவி டிரம்பெட்டில் வார்த்தை இல்லாமலே அடையாளம் தெரிந்தால் அந்த மெட்டு நிற்கும்.

காலமும் முக்கியம். ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும்போது மைக்செட் இருக்கும். அதற்கு நாலைந்து வாரம் முன்னால் பாட்டு வெளியே இருக்க வேண்டும். அடுத்து விநாயகர் சதுர்த்தி, காசிமேட்டில் கரைக்கும் நாள் வரை. கடல் பாட்டு என்றால் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து போட்டுகள் கிளம்பும் ஜூன் நடுவைக் குறிவையுங்கள். துறைமுகமே கொண்டாட்டத்தில் இருக்கும்போது பாட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கருக்கு அனுமதியில்லை, அதனால் உங்கள் பாட்டை எட்டு ஒன்பது மணிக்குள் போடச் சொல்லுங்கள்.

எண்ணைப் படிப்பது

யூடியூப் ஸ்டூடியோவில், எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கோட்டை முதலில் பாருங்கள். தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்தால் முன்னிசை நீளம், அல்லது தம்ப்நெயில் ஒன்று சொல்லி வீடியோ வேறு காட்டுகிறது. நடுவில் எங்காவது கோடு மேலே எழும்பினால் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிக் கேட்கிறார்கள். கொக்கி என்று நீங்கள் நினைத்தது பல்லவியாக இருக்கலாம், ஜனங்கள் பிடித்தது இரண்டாம் சரணத்தின் ஒரு வரியாக இருக்கலாம். அடுத்த ரீலை அந்த வரியில் வெட்டுங்கள்.

ஸ்பாட்டிஃபையில் 28 நாள் கணக்கை எடுத்து, ஸ்ட்ரீமைக் கேட்டவர் எண்ணிக்கையால் வகுங்கள். 4,000 பேர் கேட்டு 5,200 ஸ்ட்ரீம் என்றால் ஆளுக்கு 1.3. 600 பேர் கேட்டு 2,100 ஸ்ட்ரீம் என்றால் 3.5. பார்க்க முதலாவது பெரிதாகத் தெரியும். விளம்பரத்துக்குக் கையில் பத்தாயிரம் இருந்தால் இரண்டாவதற்குத்தான் செலவழிக்க வேண்டும். அதன் குறை ஆள் போய்ச் சேராததுதான், அதைப் பணத்தால் சரிசெய்யலாம். திரும்பக் கேட்காத பாட்டை எந்தப் பணமும் தூக்காது.

‘பத்தாயிரம் ஸ்ட்ரீம் இவ்வளவு ரூபாய்’ என்று மெசேஜ் அனுப்புகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். போலி ஸ்ட்ரீம் அதிகம் தெரிந்தால் ஸ்பாட்டிஃபை 2024 முதல் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு அபராதம் போடுகிறது. அவர்கள் அதை உங்கள் தலையில் கட்டுவார்கள், பாட்டையும் இறக்கிவிடுவார்கள். பாட்டு தப்பித்தாலும், போலிக் கணக்குகள் கேட்ட பழக்கத்தை வைத்துத் தளம் அதைச் சம்பந்தமே இல்லாதவர்களுக்குப் பரிந்துரைக்கத் தொடங்கும்.

பாட்டு ஓட ஆரம்பித்ததும் பெரிய சேனலோ லேபிளோ ‘மொத்தமா குடுத்துடு’ என்று ஒரு தொகையோடு வரும். கையெழுத்துக்கு முன்னால் எத்தனை வருடம், எந்தெந்த நாடு, எந்தெந்தப் பயன்பாடு என்ற மூன்றும் தாளில் இருக்கிறதா பாருங்கள். காப்புரிமைச் சட்டப்படி காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று அச்சடித்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு வருடத்தை எழுதச் சொல்லுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய சமபங்கு ராயல்டியை லேபிளுக்கு எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை, அப்படி ஒரு நிபந்தனை இருந்தாலும் அது செல்லாது.